எக்காலத்துக்கும் சிறந்தவர் யார்? மாத்தளையிலிருந்து ஒரு பார்வை

மாத்தளையில் நான்கு பழைய மாணவர்கள் ஒரு மேசையில் கூடினால் பேச்சு எப்படியும் ஹொக்கிக்கு வந்துவிடும். வந்தால், எங்கள் பாடசாலையின் எக்காலத்துக்கும் சிறந்த பதினொருவர் யார் என்ற கேள்வியும் கூடவே வரும். சென் தோமஸ், கிறிஸ்து தேவாலயக் கல்லூரி, விஜய, சாஹிரா என்று ஆளுக்கொரு கொடி. ஒருவர் பெயர் சொல்லும் ஆள் ஆடி அடுத்தவர் பார்த்ததே இல்லை. அவர் சொல்லும் ஆளோ இவர் பிறக்கும் முன்பே மட்டையைத் தூக்கி வைத்தவர். தேநீர் ஆறிப்போகும், தீர்ப்பு வராது.

இதே கேள்வியை அமெரிக்கர்கள் தங்கள் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத்தை வைத்துப் பல தசாப்தங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் எழுத்தில் கணக்கு இருக்கிறது. தேசிய சுற்றுப்போட்டி 1939 இல் எட்டு அணிகளோடு தொடங்கிய நாளிலிருந்து யார் யாரை எத்தனை புள்ளியால் வென்றார்கள் என்று இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம். அப்படியிருந்தும் அங்கே சண்டை ஓயவில்லை. ஏன் ஓயவில்லை என்று பார்த்தால் மாத்தளை மேசைக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறேன்.

எந்த ஆண்டுகளை எண்ணுவது?

முதல் குழப்பம் இங்கேதான். மைக்கல் ஜோர்டன் 1982 இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர். ஜோர்ஜ்டவுனுக்கு எதிரான இறுதியாட்டம் முடியச் சில செக்கன்கள் இருக்கையில் அவர் எறிந்த பந்துதான் கிண்ணத்தைத் தந்தது. மூன்று பருவங்கள் ஆடிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். அவரைப் பல்கலைக்கழகப் பட்டியலின் உச்சியில் வைப்பவர்கள், பின்னால் சிக்காகோவில் நடந்ததை முன்னுக்குக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள்.

இதற்கு நேர்மாறானவர் கிறிஸ்டியன் லெட்னர். டியூக் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு ஆடினார், நான்கு ஆண்டும் அவருடைய அணி கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தது. 1991 இலும் 1992 இலும் கிண்ணம். 1992 இல் கென்டக்கிக்கு எதிராக அவர் களத்திலிருந்து எறிந்த பத்தும் கூடைக்குள் விழுந்தன, தண்ட எறிகள் பத்தும் விழுந்தன, வெற்றியைத் தந்த கடைசி எறி நேரம் முடியும் கணத்தில் விழுந்தது. தொழில்முறை ஆட்டத்தில் அவர் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. ஆனால் பல்கலைக்கழகப் பட்டியலில் அவர் ஜோர்டனுக்கு மேலே இருக்க வேண்டியவர். அந்த ஆண்டுகளில் அந்தச் சீருடையில் என்ன செய்தார் என்பது மட்டுமே கணக்கு.

எங்கள் நாட்டில் இந்த விதியை ஓரளவு காப்பாற்றி வந்தது ஒப்சேவர் பத்திரிகையின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் விருது. 1979 இல் முதல் விருது கொழும்பு ரோயல் கல்லூரியின் ரஞ்சன் மடுகல்லவுக்குப் போனது. ஆனந்தாவின் அர்ஜுன ரணதுங்க இருமுறை பெற்றார், நாலந்தாவின் ரொஷான் மஹாநாமவும் இருமுறை பெற்றார். பருவம் முடிந்த கையோடு, அந்தப் பருவத்து ஓட்டத்தையும் விக்கெட்டையும் வைத்துக் கொடுக்கிற விருது என்பதால் பின்னால் வந்த புகழ் அதில் கலக்க வழியில்லை.

மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகிற பேருந்து கட்டுகஸ்தோட்டையைத் தாண்டித்தான் போகும். அங்கே புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பையனை, அவனுடைய 14 ஆவது வயதில் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. 1990/91 பருவத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்து, அந்த ஆண்டின் சிறந்த பாடசாலை வீரர் ஆனார் முத்தையா முரளிதரன். பின்னர் டெஸ்டில் எடுத்த 800 விக்கெட்டையும் மறந்துவிட்டாலும், இலங்கைப் பாடசாலைப் பட்டியலில் அவருக்கு இடம் உண்டு. அந்தப் பட்டியலில் சுனில் பெர்னாண்டோவின் பெயரையும் எழுதத்தான் பலர் மறக்கிறார்கள்.

எண்கள் எவ்வளவு தூரம் வரும்?

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1967 முதல் 1970 வரை ஆடிய பீட் மரவிச், 83 ஆட்டங்களில் 3,667 புள்ளி எடுத்தார். ஆட்டத்துக்குச் சராசரி 44.2. அப்போது மூன்று புள்ளிக் கோடு இல்லை, அது ஆண்கள் ஆட்டத்துக்கு 1986/87 இல்தான் வந்தது. முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடவும் அன்று அனுமதி இல்லை, எனவே மூன்றே பருவங்கள். 2024 இல் ஐயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் அந்தத் தொகையைத் தாண்டி 3,951 இல் முடித்தபோது, அவர் ஆடியது 139 ஆட்டங்கள், நான்கு பருவங்கள், மூன்று புள்ளிக் கோட்டோடு. உடனே ஒரு கூட்டம் சாதனை செல்லாது என்றது, இன்னொரு கூட்டம் பெண் என்பதால் குறைக்கிறீர்கள் என்றது. கிளார்க் எடுத்த புள்ளிகள் கிளார்க்குக்குச் சொந்தம். மரவிச்சின் சராசரியை அவர் நெருங்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் என்ன கஷ்டம் என்று எனக்கு விளங்குவதில்லை.

மரவிச் மீது நியாயமாக வைக்கக்கூடிய குறை வேறு. அவருடைய அணி தேசிய சுற்றுப்போட்டிக்கு ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. பயிற்றுவிப்பாளர் அவருடைய தகப்பனார், மகன் விரும்பியபோதெல்லாம் எறியலாம். புள்ளி குவிப்பது ஒரு திறமை, பக்கத்தில் ஆடுபவனை வெல்ல வைப்பது இன்னொரு திறமை. மரவிச்சிடம் இரண்டாவதும் இருந்ததா என்று காட்ட அந்த அணி இடம் தரவில்லை.

அதே காலத்தில் கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஆடினார் லூ அல்சிண்டோர், பின்னாளில் கரீம் அப்துல் ஜபார். அவர் ஆடிய மூன்று பருவங்களில் யூசிஎல்ஏ அணி 88 ஆட்டங்களை வென்றது, இரண்டே இரண்டில் தோற்றது. மூன்று கிண்ணம், மூன்று முறையும் சுற்றுப்போட்டியின் மிகச் சிறந்த வீரர். அவரை அளக்கப் போதுமான சம்பவம் ஒன்று 1965 நவம்பரில் நடந்தது. நாட்டின் நடப்புச் சம்பியனான யூசிஎல்ஏ பிரதான அணி, தன் சொந்த முதலாண்டு மாணவர் அணியோடு ஆடி 75க்கு 60 என்று தோற்றது. அல்சிண்டோர் 31 புள்ளி. 1967 இல் பந்தை வளையத்துக்கு மேலிருந்து அழுத்திப் போடுவதையே விதி போட்டுத் தடுத்தார்கள், தடை ஒன்பது பருவங்கள் நீடித்தது. அவரைக் குறிவைத்த தடை என்றே அன்று பலர் பேசினார்கள். ஒரு மாணவனால் விதிப்புத்தகம் மாறியது என்றால் அதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

இன்றைய நிலைமை இந்த ஒப்பீட்டை இன்னும் சிக்கலாக்கிவிட்டது. 2006 இலிருந்து திறமையான பையன் ஓராண்டு ஆடிவிட்டுத் தொழில்முறைக்குப் போகிறான். அன்ரனி டேவிஸ் 2012 இல் கென்டக்கிக்கு ஒரே பருவம் ஆடினார், கிண்ணத்தை வென்றார், போனார். அந்த ஒரு பருவத்தை அல்சிண்டோரின் மூன்றோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. உச்சம் ஒன்று, நீட்சி ஒன்று. எந்த ஆட்டத்துக்குப் பட்டியல் போட்டாலும் இதை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

பயிற்றுவிப்பாளர்கள்

வீரரைத் தெரிவதைவிடக் கடினம் இது. ஜோன் வுடன் என்ற பெயரில் தொடங்காத பட்டியல் அமெரிக்காவில் அரிது. 1964 முதல் 1975 வரையான 12 ஆண்டுகளில் பத்துக் கிண்ணம், அதில் ஏழு தொடர்ச்சியாக. இடையில் 88 ஆட்டங்கள் தோல்வியே இல்லை. ஆண்கள் ஆட்டத்தில் வேறு யாரும் இதன் கிட்டவும் வரவில்லை.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் கிண்ணம் வெல்ல யூசிஎல்ஏக்கு நான்கு வெற்றி போதும், 1975 இல் மட்டும் ஐந்து. 1985 இல் சுற்றுப்போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு ஆறு வேண்டும். சாம் கில்பர்ட் என்ற செல்வந்தர் வீரர்களுக்கு விதிக்குப் புறம்பாக உதவிகள் செய்துவந்ததும், அந்த விவகாரத்தில் 1981 இல் யூசிஎல்ஏ தண்டிக்கப்பட்டதும் பதிவில் இருக்கிற விடயம். வுடன் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார், தண்டனை அவரைத் தொடவில்லை. தொடாததாலேயே அது அவருடைய காலத்துக் கதை இல்லை என்று சொல்ல முடியுமா?

வுடனிடம் நான் மெச்சுவது வேறொன்று. அவர் யூசிஎல்ஏக்கு வந்தது 1948 இல். முதல் கிண்ணம் வந்தது 16 ஆவது பருவத்தில். டியூக்கின் மைக் சஷெவ்ஸ்கி முதல் மூன்று பருவங்களில் 38 வென்று 47 தோற்றார். பல்கலைக்கழகம் அவரை வைத்துக்கொண்டது, ஐந்து கிண்ணத்தோடும் 1,202 வெற்றியோடும் 2022 இல் ஓய்வு பெற்றார். எங்கள் பாடசாலைகள் பலவற்றில் ஒரு பருவம் தோற்றால் அடுத்த பருவம் புதுப் பயிற்றுவிப்பாளர். வுடனும் சஷெவ்ஸ்கியும் இங்கே பிறந்திருந்தால் மூன்றாம் ஆண்டு வேறு வேலை தேடியிருப்பார்கள்.

வெற்றித் தொகையை மட்டும் பார்த்தால் அடோல்ப் ரப் 876, டீன் ஸ்மித் 879, போப் நைட் 902 என்று வரிசை நீளும். நைட்டின் இந்தியானா அணி 1976 இல் 32 ஆட்டத்தில் 32 ஐயும் வென்றது, அதற்குப் பிறகு எந்த ஆண்கள் அணியும் தோல்வியின்றிக் கிண்ணம் வென்றதில்லை. அதே நைட் 1985 இல் ஆட்ட நடுவில் நாற்காலியைக் களத்துக்குள் வீசியவர், 2000 இல் நடத்தைக்காக நீக்கப்பட்டவர். மாணவரைக் கையாளத் தெரியாதவர் மாணவர் ஆட்டத்தின் முதல் பயிற்றுவிப்பாளராக இருக்க முடியாது என்பது என் தீர்மானம்.

வேடிக்கை என்னவென்றால், 1891 இல் இந்த ஆட்டத்தையே உண்டாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்து 55 வென்று 60 தோற்றார். தோல்விக் கணக்கோடு போன ஒரே கன்சாஸ் பயிற்றுவிப்பாளர் அவர்தான். அவரிடம் ஆடிய போக் அலன் அங்கே பெரும் பயிற்றுவிப்பாளர் ஆனார். அலனிடம் ஆடியவர்கள் ரப்பும் டீன் ஸ்மித்தும். ஸ்மித்திடம் ஆடியவர் ஜோர்டன். நெய்ஸ்மித்தைப் புள்ளிப்பலகை தள்ளிவிடும், பரம்பரை தள்ளாது. பயிற்றுவிப்பாளரை அளக்கப் பொருத்தமான கோல் இதுதான் என்று நினைக்கிறேன்: அவர் போன பிறகு மைதானத்தில் என்ன மிஞ்சியது?

யார் பெயர் எழுதப்படவில்லை?

நெய்ஸ்மித் பரம்பரையில் இன்னொருவர் உண்டு. ஜோன் மக்லெண்டன், கறுப்பின மாணவர். கன்சாஸில் நெய்ஸ்மித்திடமே படித்தார், ஆனால் நிறத்தின் காரணமாகப் பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு அனுமதி இல்லை. 1944 மார்ச் 12 இல், அவருடைய வட கரோலினாக் கறுப்பினக் கல்லூரி அணி டியூக் மருத்துவப் பீடத்து வெள்ளையர் அணியோடு பூட்டிய மண்டபத்தில், பார்வையாளர் இல்லாமல் இரகசியமாக ஆடி 88க்கு 44 என்று வென்றது. சட்டம் தடுத்த ஆட்டம் என்பதால் அன்று பத்திரிகையில் வரவில்லை. 1957, 58, 59 இல் அவர் பயிற்றுவித்த டெனசி ஏ அண்ட் ஐ அணி, சிறிய கல்லூரிகளின் தேசியக் கிண்ணத்தைத் தொடர்ந்து மூன்று முறை வென்றது. கூடைப்பந்தின் புகழ்மண்டபம் அவரைப் பயிற்றுவிப்பாளர் என்ற தகுதியில் ஏற்றுக்கொண்டது 2016 இல். 1966 இறுதியாட்டத்தில் ஐந்து கறுப்பின வீரர்களோடு தொடங்கிய டெக்சாஸ் வெஸ்டர்ன் அணி, முழுக்க வெள்ளையரான ரப்பின் கென்டக்கி அணியை 72க்கு 65 என்று வென்ற கதை பலருக்குத் தெரியும். மக்லெண்டனைத் தெரிந்தவர் குறைவு. 1966க்கு முந்திய காலத்து எக்காலத்துக்கும் சிறந்தவர் பட்டியல் எதுவானாலும், நாட்டின் ஒரு பகுதியை வாசலில் நிறுத்திவிட்டுப் போட்டதுதான்.

எங்கள் வாசலில் நிற்பவர்கள் யார்? ஒப்சேவர் விருதில் வெளியூர்ப் பாடசாலைகளுக்குத் தனிப் பிரிவு வைத்திருந்தார்கள், 1988 இல் அதைப் பெற்றவர் மாத்தறை புனித சேர்வேசியஸ் கல்லூரியின் சனத் ஜயசூரிய. பிரிவு வைத்தது நல்ல நோக்கம். ஆனால் கொழும்புக்கு வெளியே இருப்பவர் இன்னொரு வரிசையில் நிற்க வேண்டும் என்பதும் அதில் தெரிந்தது. மிகப் பிரபலமான வீரரை வாசகர்கள் கூப்பன் வெட்டி அனுப்பித் தெரிந்தார்கள். பழைய மாணவர் கூட்டம் பெரிதாக உள்ள பாடசாலைக்குக் கூப்பனும் பெரிது.

மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே இந்த வரிசை தொடர்கிறது. தம்புள்ளையில் 167 நாளில் கட்டி எழுப்பிய சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. மாத்தளை நகரில் செயற்கைத் தரையோடு ஹொக்கி மைதானம் இருக்கிறது. ரத்தோட்டை, எல்கடுவப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள் பலவற்றுக்கு இருப்பதோ சரிவில் வெட்டிய ஒரு துண்டு நிலம், பந்து உருண்டால் கீழ் மலைக்குப் போய்விடும். அந்தப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில். அதற்கு முந்திய தலைமுறைகளில் ஓடத் தெரிந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓடும் தடமே கிடைக்கவில்லை. மாத்தளையின் எக்காலத்துக்கும் சிறந்தவர் என்று நகரத்து நான்கைந்து பாடசாலைகளை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால், அது ரப் காலத்துப் பட்டியலின் தம்பி.

மட்டக்களப்பு

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து இலங்கைத் தமிழரைத் தொட்ட இடம் ஒன்று உண்டு, அது மட்டக்களப்பு. 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரிக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவிகள் வந்தார்கள். கணிதமும் ஆங்கிலமும் படிப்பித்த கையோடு கூடைப்பந்தையும் ஊட்டினார்கள். மட்டக்களப்பு நகரத்தின் பிரதான விளையாட்டரங்கு இன்றைக்கும் அவர்களில் ஒருவரான ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

யூஜின் ஹேபர்ட் அடிகளார் மரவிச் புகழ்பெற்ற அதே லூசியானாவில் பிறந்தவர். வுடன் யூசிஎல்ஏக்குப் போன அதே 1948 இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் படிப்பித்தார், பையன்களைக் கூடைப்பந்து ஆட வைத்தார், பின்னர் இளைஞர்களுக்குத் தொழில்நுட்பக் கல்வி கொடுத்தார். 1990 ஓகஸ்ட் 15 இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், உடன் வந்த தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். இருவரும் திரும்பவே இல்லை. பின்னர் அவர் நினைவாக மட்டக்களப்பில் கூடைப்பந்துச் சுற்றுப்போட்டி நடத்தினார்கள்.

எந்த அமெரிக்கப் பட்டியலிலும் இவர்கள் வரமாட்டார்கள். இலங்கைப் பட்டியலிலும் பெரும்பாலும் வருவதில்லை, ஏனென்றால் நாங்கள் பயிற்றுவிப்பாளருக்குப் பட்டியல் போடுவதே இல்லை. போட்டால், இலங்கைப் பாடசாலை விளையாட்டின் முதல் வரிசையில் வெபரையும் ஹேபர்டையும் சுனில் பெர்னாண்டோவையும் வைப்பேன். கூடை வளையத்தையே கண்டிராத ஒரு கரையோர ஊரில் ஓர் ஆட்டத்தை நட்டு, போருக்கும் பிறகு அது தழைத்து நிற்கும்படி செய்வது பத்துக் கிண்ணத்துக்குக் குறைந்த காரியம் இல்லை.

என் தெரிவு

அமெரிக்க வீரர்களில் முதலாமவர் அல்சிண்டோர். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டாவது பிரியானா ஸ்டுவர்ட், 2013 முதல் 2016 வரை கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு, நான்கு கிண்ணம், நான்கு முறையும் சிறந்த வீராங்கனை. ஆண், பெண் என்று பட்டியலைப் பிரிப்பவர்கள் இந்த நான்கை எங்கே ஒளிப்பார்கள்? மூன்றாவது பில் ரஸல், சான் பிரான்சிஸ்கோவுக்கு 1955, 1956 இல் இரு கிண்ணம் தந்தவர். நான்காவது பில் வால்டன், 1973 இறுதியாட்டத்தில் 22 எறிகளில் 21 ஐக் கூடைக்குள் போட்டவர். ஐந்தாவது இடத்துக்கு லெட்னரா மரவிச்சா என்று நீண்டநேரம் யோசித்து லெட்னரையே எழுதுகிறேன். மரவிச் ஆறாவது. அவருக்காக அழுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

பயிற்றுவிப்பாளர்களில் வுடனை இரண்டாவதாக வைக்கிறேன். முதலாவது பட் சமிட். 1974 இல், 22 வயதில், டெனசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியைப் பொறுப்பேற்றபோது மாதம் 250 டொலர் சம்பளம். வீராங்கனைகளின் சீருடையைத் தோய்த்ததும் அணியின் வானை ஓட்டியதும் அவரே. எங்கள் ஊர் உடற்கல்வி ஆசிரியைகளுக்கு இந்த வேலைப் பட்டியல் புதிதாக இருக்காது. 38 பருவங்களில் 1,098 வெற்றி, எட்டுக் கிண்ணம். வெற்றித் தொகையில் கனெக்டிகட்டின் ஜீனோ ஓரியம்மா அவரைத் தாண்டிவிட்டார், கிண்ணத்திலும் தாண்டிவிட்டார். ஆனால் சமிட்டிடம் தனக்குரிய ஆண்டுகளை முழுமையாக ஆடி முடித்த ஒவ்வொரு மாணவியும் பட்டம் பெற்றார். மாணவர் ஆட்டத்தில் இதற்கு மேலான புள்ளி எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது இடம் மக்லெண்டனுக்கு.

மாத்தளைப் பட்டியலுக்கு வருவோம். அதை ஒருவர் உட்கார்ந்து எழுதக்கூடாது, பாடசாலைகள் கூடி எழுத வேண்டும். பாடசாலைக் காலத்து ஆட்டம் மட்டுமே எண்ணப்பட வேண்டும். காலத்தைப் பத்துப் பத்து ஆண்டாகப் பிரித்து, ஒவ்வொரு காலத்துக்கும் அந்தக் காலத்தில் எதிரணியில் ஆடியவர்களையே முதலில் கேட்க வேண்டும், தன் பாடசாலைக்காரன் சொல்வதைவிடத் தோற்றவன் சொல்வது நம்பகமானது. பெண்கள் ஆட்டமும் அதே ஏட்டில் வர வேண்டும். பாக்கியம், இந்துக் கல்லூரி, தோட்டப் பாடசாலைகள் எல்லாவற்றின் வலைப்பந்தும் எல்லேயும் ஓட்டமும் சேராமல் பட்டியலை மூடக்கூடாது. பயிற்றுவிப்பாளருக்குத் தனிப் பக்கம் வேண்டும், சம்பளம் வாங்காமல் மாலையில் விசில் ஊதிய ஆசிரியர்களையும் சேர்த்து.

இதற்கு வேண்டியது பழைய ஆண்டு மலர்கள், புள்ளிப் புத்தகங்கள், அணிப் படங்கள், கத்தரித்து வைத்த வீரகேசரி, தினகரன் துண்டுகள். இவற்றில் பெரும்பகுதி இப்போது வீடுகளில், அலுமாரி மேல் தட்டில் கிடக்கிறது. உங்கள் வீட்டில் இருந்தால், படத்தின் பின்பக்கத்தில் ஆண்டையும் நிற்பவர்களின் பெயரையும் எழுதி, ஒரு பிரதியை உங்கள் பாடசாலை நூலகத்தில் கொடுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கொடுங்கள்.